கடைக்காரர் வைத்த பெயர்

தமிழ்நாட்டுப் பறவைக் கடைகளில் சாம்பல் நிற உடலும், கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டும், தலையில் நிமிர்ந்து நிற்கும் கொண்டையுமாக ஒரு கிளி விற்பனைக்கு இருக்கும். பெயர் கேட்டால் ‘காக்டெயில்’ என்பார்கள். மதுக்கலவைக்கும் அந்தப் பறவைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆங்கிலத்தில் அதன் பெயர் காக்கட்டீல். நம் நாக்கு தனக்கு முன்பே பழகிய ஒரு சொல்லுக்கு அதை இழுத்துக்கொண்டது, அவ்வளவுதான். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம். காக்கட்டீல் என்ற சொல்லே இப்படிப்பட்ட காதுப் பிழைகள் பலவற்றின் வழியாக வந்ததுதான். மலாய்த் தீவுகளில் பிறந்து, போர்த்துக்கீசியர் வாயிலும் டச்சுக்காரர் வாயிலும் உருமாறி, லண்டன் துறைமுகத்தருகே விலங்கு விற்ற ஒருவரின் கடையில் ஆங்கில வடிவம் பெற்றதாகச் சொல்லப்படும் பெயர் அது. கடலோடிகளும் வியாபாரிகளும் கூடி வைத்த பெயர். அறிஞர் எவருக்கும் அதில் பங்கில்லை. ஆனாலும் இந்தப் பறவை யாருக்குச் சொந்தம் என்பதை, லத்தீனில் அதற்கு முறைப்படி சூட்டிய பெயரைவிட இந்தக் கடைப் பெயரே சரியாகச் சொன்னது என்பது என் வாதம்.

வேர்ச்சொல் மலாய் மொழியின் ‘ககாதுவா’. இந்தோனேசியாவின் கிழக்குத் தீவுகளான சுலவேசி, மலுக்கு, திமோர் பக்கங்களில் வாழும் வெள்ளை நிறக் கொண்டைக்கிளிகளுக்கு, அதாவது காக்கட்டூக்களுக்கு, அது பெயர். சொல் எப்படிப் பிறந்தது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. ‘ககாக்’ என்றால் அக்கா அல்லது அண்ணன், ‘துவா’ என்றால் வயதில் மூத்த. ஆக மூத்த அக்கா என்று ஒரு விளக்கம். பறவையின் கரகரத்த கத்தலைத் திருப்பிச் சொன்னதே பெயராயிற்று என்பது மற்றொன்று. போதாக்குறைக்கு, ஆணி பிடுங்கும் குறட்டுக்கும் மலாயில் இதே சொல்தான். கிளியின் அலகைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. இரண்டு விளக்கங்களும் ஒன்றையொன்று மறுப்பவை போலத் தோன்றினாலும், தமிழ் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அப்படித் தோன்ற வேண்டியதில்லை. நம்மிடம் அக்காக்குயில் இருக்கிறது. கோடையில் குரலை ஏற்றி ஏற்றிக் கூவும் அந்தக் குயிலின் ஓசையில் அக்காவை அழைக்கும் குரலைக் கேட்டவர்கள் நாம். அந்தக் குயிலுக்கு அக்கா இருந்ததால் பெயர் வரவில்லை. ஓசை முதலில் வந்தது, உறவை மனிதக் காது பிறகு சேர்த்தது. காகாவென்று கத்திய பறவைக்கு மலாய்க்காரர்களும் தங்களுக்குப் பழகிய ‘ககாக்’கைப் பொருத்திக்கொண்டார்கள் என்றே நினைக்கத் தோன்றுகிறது. அப்படியானால் காக்டெயில் என்று சொல்லும் நம் கடைக்காரர் செய்ததும் அதே வேலைதான்.

சொல்லுக்கு முன்பே பறவை ஐரோப்பா போய்விட்டது. சிசிலியை ஆண்ட பேரரசர் இரண்டாம் ஃபிரடெரிக் பருந்து வேட்டை பற்றி 1240-களில் உருவாக்கிய நூலின் ஓவியங்களில் ஒரு வெள்ளைக் காக்கட்டூ இருக்கிறது. எகிப்தின் சுல்தான் அனுப்பிய பரிசு அது. இத்தாலிய ஓவியர் மாந்தேன்யா 1496-இல் வரைந்த மரியன்னை ஓவியத்திலும் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஆஸ்திரேலியா என்ற கண்டம் இருப்பதே தெரியாத ஐரோப்பாவுக்கு, அதன் வாசலில் இருந்த தீவுகளின் பறவை கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்திருந்தது. பெயர் வந்தது பிறகுதான். 1511-இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள்; அவர்கள் வாயில் சொல் ‘ககாதுவா’வாகவே ஏறக்குறைய நிலைத்தது. 1602-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது. டச்சில் அது ‘காகெதூ’ ஆயிற்று. ஆங்கிலேயர் அதை வாங்கியபோது சேவலைக் குறிக்கும் தங்கள் ‘காக்’கை முன்னால் ஒட்டவைத்து, பதினேழாம் நூற்றாண்டிலேயே ‘காக்கட்டூ’ ஆக்கிவிட்டார்கள். கொண்டையுள்ள பறவைக்குச் சேவல் பெயர் இயல்பாகவே ஒட்டியிருக்கும். காக்கட்டீல் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். காக்கட்டூவின் பெயரோடு, சிறியது என்று காட்டப் போர்த்துக்கீசியர் சேர்க்கும் விகுதி ஒட்டி உண்டான சொல்லை டச்சுக்காரர் ‘காகெத்தீல்யெ’ என்றார்கள். பொருள் சின்னக் காக்கட்டூ. கிழக்கு லண்டனின் ராட்க்ளிஃப் நெடுஞ்சாலையில் யானை முதல் கிளி வரை விற்ற சார்ல்ஸ் ஜாம்ராக் அதை ஆங்கிலமாக்கியதாகப் பறவை வளர்ப்பு நூல்கள் குறிப்பிடுகின்றன. 1857-இல் அவர் கடைப் புலி ஒன்று தப்பித் தெருவில் ஒரு சிறுவனைக் கவ்வியதும், அவரே பாய்ந்து அவனை மீட்டதும் அந்நாளில் பெரிய செய்தி. அந்தப் புகழில் பறவைப் பெயர் மறைந்துபோயிற்று.

அறிஞர்கள் பக்கம் வருவோம். 1792-இல் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் கெர் இந்தப் பறவையை ‘சிட்டாகஸ் ஹாலண்டிகஸ்’ என்று பதிவு செய்தார். முதல் சொல் அக்காலத்தில் எல்லாக் கிளிகளுக்கும் பொதுவாக வழங்கியது. இரண்டாவது சொல்லைப் பார்த்து ஹாலந்து நாட்டுப் பறவை என்று நினைத்தால் தவறு. டச்சு மாலுமிகள் ஆஸ்திரேலியாவுக்கு வைத்திருந்த பெயர் புதிய ஹாலந்து. 1814-இல் மாத்யூ ஃபிளிண்டர்ஸின் கடற்பயண நூல் வந்த பிறகே ஆஸ்திரேலியா என்ற பெயர் பரவத் தொடங்கியது. 1832-இல் மியூனிக் நகரின் யோஹான் வாக்ளர் கிளிகள் பற்றித் தனி நூல் எழுதியபோது, இந்தப் பறவையைப் பொதுப்பெயரிலிருந்து பிரித்து ‘நிம்ஃபிகஸ்’ என்ற தனிப் பேரினம் அமைத்தார். கிரேக்கப் புராணத்தின் வனதேவதைகளான நிம்ஃப்களை நினைத்து வைத்த பெயர். (அதே ஆண்டு பறவை சேகரிக்கப் போன இடத்தில் தம் துப்பாக்கியே தவறி வெடித்து அவர் இறந்தார்.) ஆக, ‘நிம்ஃபிகஸ் ஹாலண்டிகஸ்’ என்பது புதிய ஹாலந்தின் தேவதை. ஊரைச் சொல்கிறது, அழகைச் சொல்கிறது, உறவைச் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குக் காரணம் உண்டு. பறவை குழப்பக்கூடியது. காக்கட்டூக்கள் பருத்த உடல் கொண்டவை; பலவற்றுக்கு வால் குட்டை. பனைக் காக்கட்டூ அறுபது சென்டிமீட்டர் வரை நீளும். காக்கட்டீலோ முப்பதிலிருந்து முப்பத்துமூன்று சென்டிமீட்டர், அதில் பாதி வால். எடை நூறு கிராமை ஒட்டி. மெலிந்த உடல், கூரிய சிறகு, வேகமான பறத்தல்: தொலைவில் பார்த்தால் ஆஸ்திரேலியாவின் ரோசெல்லா போன்ற அகன்ற வால் கிளிகளின் தம்பி என்றே தோன்றும். அதனால்தான் அதைக் காக்கட்டூக் குடும்பத்தில் சேர்த்தவர்களும் ரோசெல்லாக்களோடு சேர்த்தவர்களுமாக வகைப்பாட்டாளர்கள் இருபதாம் நூற்றாண்டின் கடைசிவரை இரண்டு கட்சியாக இருந்தார்கள்.

உடலைத் திறந்து பார்த்தால் கட்சி பிரியத் தேவையில்லை. பெரும்பாலான கிளிகளுக்குப் பித்தப்பை கிடையாது; காக்கட்டூக்களுக்கு உண்டு, காக்கட்டீலுக்கும் உண்டு. காக்கட்டூக்களின் உடலில் சிறப்பான மென்னிறகுகள் நுனி உதிர்ந்து மாவுபோல் ஆகும். அந்தத் தூள் இறகில் நீர் ஒட்டாமல் காக்கிறது. காக்கட்டீல் வளர்ப்பவர்கள் வீட்டு மேசையிலும் துணியிலும் படியும் வெள்ளைத் தூள் அதுதான். கன்னத்து இறகுகள் அலகின் பக்கங்களை மூடிக்கொள்வதும் இரண்டுக்கும் பொது. கொண்டையை நினைத்தபோது தூக்கவும் மடக்கவும் முடிவது மிகத் தெளிவான அடையாளம்: திடுக்கிட்டால் நேராக எழும்பும், சினந்தால் தலையோடு ஒட்டிப் படியும், நிம்மதியாக இருந்தால் பாதி சாய்ந்திருக்கும். அடைகாப்பதிலும் ஒற்றுமை உண்டு. பெரும்பாலான கிளிகளில் பெட்டை மட்டுமே முட்டை மேல் உட்காரும். வெள்ளைக் காக்கட்டூக்களில் இரண்டும் முறை போட்டு உட்காரும். காக்கட்டீலில் பகலில் ஆண், இரவில் பெட்டை.

இவற்றையெல்லாம்விட எனக்கு வலுவான சான்றாகப் படுவது நிறம். கிளி என்றதும் நம் மனக்கண்ணில் பச்சை வருகிறது. அந்தப் பச்சைக்கென்று இறகில் ஒரு சாயம் இல்லை. இறகில் மஞ்சள் நிறமி இருக்கும். அதனுள்ளே நுண்ணிய துளைகள் நிறைந்த ஒரு படலம் நீல ஒளியை மட்டும் சிதறடித்துத் திருப்பி அனுப்பும். மஞ்சளும் நீலமும் கலந்து நம் கண்ணுக்குப் பச்சையாகும். காக்கட்டூக் குடும்பத்தில் இந்தப் படலம் வேலை செய்வதில்லை. அதனால்தான் அந்தக் குடும்பத்தில் வெள்ளை, கறுப்பு, சாம்பல், இளஞ்சிவப்பு எல்லாம் உண்டு. பச்சையும் நீலமும் இல்லை. இதற்கு ஆய்வகத்தையே நாட வேண்டியதில்லை, கூண்டுகளே சாட்சி. நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கிறார்களே, அந்த பட்ஜரிகர் காட்டில் பச்சை. மரபணுப் பிறழ்வால் அதன் மஞ்சள் நிறமி இல்லாமல் போனால் கீழிருக்கும் நீலம் வெளிப்பட்டு நீலப் பறவை பிறக்கும். காக்கட்டீலிலும் அதே மாதிரி மஞ்சள் நிறமி இழந்த வகை உண்டு; வளர்ப்பவர்கள் ‘வைட் ஃபேஸ்’ என்கிறார்கள். அதில் நீலம் வரவில்லை. முகம் வெளுத்து, உடல் சாம்பலாகவே நிற்கிறது. எடுத்துவிட்ட மஞ்சளுக்குக் கீழே வெளிப்பட ஏதும் இல்லை. கலிஃபோர்னியாவில் 1949-இல் திட்டு நிற வகை, ஃபுளோரிடாவில் 1950-களில் மஞ்சள் வெள்ளை லூட்டினோ, பிறகு முத்து, இலவங்கம் என்று எத்தனையோ நிறங்களை வளர்ப்பாளர்கள் பிரித்தெடுத்துவிட்டார்கள். சந்தையில் ‘எமரால்டு’ என்ற ஒரு வகையும் உண்டே என்று கேட்கலாம். பெயர் மரகதம்; பறவை மஞ்சள் மேல் சாம்பல் படர்ந்து ஒருவகை ஆலிவ் மயக்கம் காட்டுகிறது. அதற்கு மேல் அதில் பச்சை இல்லை.

மரபணு ஆய்வு கடைசியாகத்தான் வந்தது. 1999-இல் வெளியான மைட்டோகாண்ட்ரியா மரபணு ஆய்வு காக்கட்டீலைக் கறுப்புக் காக்கட்டூக்களின் அருகே வைத்தது. 2011-இல் வந்த விரிவான ஆய்வுக்குப் பிறகு, காக்கட்டூக் குடும்பத்துக்குள் அதற்கென்று ஒரு தனி உட்குடும்பம் கொடுப்பது வழக்கமாகியிருக்கிறது. குடும்பத்துக்குள் எந்தக் கிளை என்பதில்தான் வேறுபாடு. குடும்பம் எது என்பதில் இல்லை. சுமார் 21 இனங்கள் கொண்ட அந்தக் குடும்பத்தில் மிகச் சிறியது காக்கட்டீல். துறைமுகக் கடையில் வைத்த பெயர் சொன்னதும் அதைத்தானே?

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். கடலோடிக்குப் பித்தப்பை தெரியுமா, மரபணு தெரியுமா? கொண்டையைப் பார்த்தான், காக்கட்டூ என்றான். குருட்டு அதிர்ஷ்டத்தில் சரியாகப்போயிற்று. கொண்டையை மட்டும் நம்புவது ஆபத்து என்பதற்கு எடுத்துக்காட்டும் இருக்கிறது. பசிபிக்கின் நியூ கலிடோனியத் தீவில் தலையில் கொம்புபோல் இறகு நீட்டிய ஒரு பச்சைக் கிளி உண்டு. அதன் பேரினத்தின் பெயர் ‘யூநிம்ஃபிகஸ்’. காக்கட்டீலின் பெயரோடு ஒரு முன்னொட்டைச் சேர்த்தது. பெயர் எவ்வளவு ஒட்டினாலும் அந்தக் கிளிக்கும் காக்கட்டீலுக்கும் நெருங்கிய உறவு இல்லை. அது வேறு குடும்பம். பச்சையாக இருப்பதே அதைக் காட்டிக்கொடுக்கிறது. கொண்டை உறவைச் சொல்லிவிடாது என்பதை இதற்கு மேல் நிரூபிக்க வேண்டாம்.

மறுப்பில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். பெயர் வைத்தவர்கள் பரிணாமத்தை அறிந்து வைக்கவில்லை, சரியாக அமைந்ததில் தற்செயலுக்குப் பங்குண்டு. மற்றப் பாதியை ஏற்க முடியவில்லை. அருங்காட்சியக அறிஞர் முன் இருந்தது பெரும்பாலும் பஞ்சு அடைத்த தோல். அதில் வால் நீளத்தை அளக்கலாம், சிறகை அளக்கலாம். கொண்டை எழும்புவதையும் படிவதையும் பார்க்க முடியாது. மாதக்கணக்கில் கப்பலில் உயிருள்ள பறவைக்குத் தீனி போட்டவரும், கடையில் அதைக் கையில் பிடித்துக் காட்டியவரும் வேறொன்றைப் பார்த்தார்கள். கையில் ஒட்டும் தூள், பயந்தால் சீறும் குரல், மனநிலைக்கு ஏற்ப ஏறி இறங்கும் கொண்டை. நியூ கலிடோனியக் கிளியின் கொம்பிறகு அப்படி ஏறி இறங்கிப் பேசுவதில்லை. வெள்ளைக் காக்கட்டூக்களை ஏற்கெனவே பழகி வைத்திருந்த கண்ணுக்கு இந்த நடத்தை தெரிந்த முகமாகத்தான் பட்டிருக்கும். உருவத்தை அளந்தவர்கள் ரோசெல்லா என்றார்கள், உயிரோடு பழகியவர்கள் காக்கட்டூ என்றார்கள். சான்று குறைவுதான், ஆனால் அவர்கள் பார்த்த சான்று பார்க்கவேண்டிய இடத்தில் இருந்தது.

இரண்டாவது மறுப்பு பெயரின் வாலைப் பிடித்துக்கொள்கிறது. சின்னக் காக்கட்டூ என்றால், பெரிய காக்கட்டூ சுருங்கி இது ஆனதுபோல ஒலிக்கிறது. அது தவறு. காக்கட்டீல் வெகு தொன்மையில் பிரிந்து தனியே வந்த கிளை. வெள்ளைக் காக்கட்டூவின் குட்டை வடிவமாக அதைக் கருத இடமில்லை. வாழும் முறையும் வேறு. ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியில் மழையையும் புல்விதையையும் நீரையும் தேடி ஊர் ஊராய் அலையும் நாடோடிக் கூட்டம் அது. நீர்நிலை ஓரத்து யூகலிப்டஸ் பொந்துகளில் நான்கு முதல் ஏழு முட்டையிட்டு, விதை தீர்ந்ததும் கிளம்பிவிடும். நீண்ட வாலும் கூரிய சிறகும் அந்த அலைச்சலுக்கு ஏற்றவை. வளர்ப்பவர்களுக்கும் இந்தப் பெயரால் நட்டம் உண்டு: பெரிய காக்கட்டூவின் பேச்சுத் திறனை எதிர்பார்த்து வாங்கினால், சீட்டியடிப்பதே அதிகம் என்று ஏமாற நேரும். ஆகவே பெயரில் குடும்பம் சரி, முறை தவறு. ஒரு சொல்லிடம் இரண்டையும் எதிர்பார்ப்பது அதிகம் என்றாலும், தவறைத் தவறென்றே சொல்ல வேண்டும்.

மற்ற ஐரோப்பிய மொழிகள் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்ளவில்லை. வேறு இடத்தில் மாட்டிக்கொண்டன. ஜெர்மானியர் வாக்ளரைப் பின்பற்றித் தேவதைக் கிளி என்கிறார்கள். பிரெஞ்சிலும் பிரேசில் போர்த்துக்கீசியத்திலும் வழங்கும் பெயர் கிரேக்க வேர்களிலிருந்து வந்தது, அழகிய கிளி என்று பொருள். அழகு பார்ப்பவருக்கு இன்பம் தரும்; பறவையைப் பற்றி ஒரு தகவலும் தராது. வேடிக்கை டச்சில் இருக்கிறது. ஆங்கிலத்துக்குக் காகெத்தீல்யெவைக் கொடுத்துவிட்டு, டச்சுக்காரர் இன்று இந்தப் பறவையை வல்லூறுக் கிளி என்கிறார்கள், அது பறக்கும் விதத்தைப் பார்த்து. நல்ல பெயர்தான். கூண்டுக்கு வெளியே பறவையைப் பார்த்தவர் சொல்லக்கூடிய பெயர் அது. ஆனால் உறவைப் பொறுத்தவரை அது நம்மை வேறு திசைக்கு அனுப்புகிறது.

கடைசி மறுப்புக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. நியூ சவுத் வேல்ஸின் உட்பகுதியில் வாழ்ந்த விராஜுரி மக்களுக்கு இந்தப் பறவை புதிதல்ல. அவர்கள் மொழியில் அதற்குப் பெயர் இருந்தது. அதுவே ஆங்கிலத்தில் ‘குவாரியன்’ ஆகி ஆஸ்திரேலியப் பண்ணைகளில் வழங்கியது. மேற்கு ஆஸ்திரேலியாவில் அங்குள்ள பழங்குடிப் பேச்சிலிருந்து வந்த ‘வீரோ’ வழங்கியது. அந்தப் பெயர்களுக்கு இன்னொரு பறவையின் துணை வேண்டியிருக்கவில்லை. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, காக்கட்டீல் ஒன்றைக்கூடக் காணாத தீவுகளின் சொல்லைக் கொண்டுவந்து ஒட்டியதை உரிமையுள்ள பெயர் என்று எப்படிச் சொல்வது? உறவைச் சரியாகச் சொல்லும் பெயர் எது என்பதுதான் என் கேள்வியாக இருந்தது. யாருக்குப் பெயர் வைக்கும் உரிமை என்று கேட்டால் தீர்ப்பு மாறிவிடும். அந்த மண்ணின் பெயர்கள் உலகச் சந்தைக்குப் போகவே முடியாதவை என்றும் சொல்ல முடியாது. பட்ஜரிகர் பழங்குடிச் சொல்லின் வழிவந்தது. இளஞ்சிவப்பு மார்போடு அதே சமவெளிகளில் மேயும் காக்கட்டூவான ‘கலா’வும் அப்படித்தான். வேறுபாடு, பெயர் எந்த இடத்தில் எழுதப்பட்டது என்பதில் இருக்கிறது. பறவை ஓவிய நூல்களுக்குப் பெயர்பெற்ற ஜான் கூல்டு நியூ சவுத் வேல்ஸில் உறவினர் பண்ணையில் தங்கி, பறவைகளை அவற்றின் ஊரிலேயே பார்த்தவர். 1840-இல் அவர் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோன பட்ஜரிகருக்கு ஊர்ப் பெயரின் சாயலும் கூடவே போயிற்று. கலாவுக்கு அதன் பெயர் நிலைத்ததற்குக் காரணம், தங்கள் கோதுமை வயலில் அதைத் தினமும் துரத்திய குடியேறிகள். குவாரியனை அதே குடியேறிகள் குவாரியன் என்றே அழைத்தார்கள். ஆனால் அதை உலகுக்கு விற்ற கடைகள் லண்டனிலும் டச்சுத் துறைமுகங்களிலும் இருந்தன. விற்பனைப் பட்டியலில் ஏறிய பெயரே புத்தகங்களில் ஏறியது. இன்று ஆஸ்திரேலியர்களின் பறவைக் கையேடுகளிலும் அது காக்கட்டீல்தான்.